செம்பனைப் பிண்ணாக்கு கோழிக்குச் செரிக்குமா?

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அன்றன்று அறுத்து விற்கும் கோழி பெரும்பாலும் மலேசியப் பண்ணையில் வளர்ந்து, உயிரோடு எல்லை தாண்டி வருவது. கோழி பக்கத்து ஊர்தான். அது தின்ற மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியவை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதற்குத் தீவன விலையும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கொட்டைப் பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கில் 14 முதல் 18 விழுக்காடு புரதம் உண்டு. மாட்டுக்குத் தாராளமாகப் போடுகிறார்கள். பிராய்லருக்குப் போடத் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதே. இதன் நாரில் பெரும்பகுதி மன்னான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதை ஒரு நாளுக்கும் மேலாக ஊறப்போட்டு உடைக்கும். கோழி வயிற்றில் தீவனம் தங்குவதே சில மணி நேரம். மன்னானை வெட்டும் நொதியும் கோழிக்குச் சுரப்பதில்லை. சோளம் கிலோவுக்குச் சுமார் 3,350 கிலோகலோரி தரும். பதப்படுத்தாத பிண்ணாக்கு 1,500ஐ ஒட்டியே தரும். தீவனத்தில் 10 விழுக்காட்டுச் சோளத்துக்குப் பதில் இதைப் போட்டால், குறைந்த சக்தியை ஈடுகட்ட டன்னுக்கு 30 கிலோவுக்கு மேல் எண்ணெய் வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

ஆகவே வயிற்றில் நடக்காத வேலையை வெளியே முடிக்க வேண்டும். முதலில் சலித்து ஓட்டுத் துண்டுகளை நீக்குவார்கள். பிறகு 100 கிலோவுக்கு 100 முதல் 125 லிட்டர் தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. ஆவியில் வேகவைத்து, 30 டிகிரிக்கு ஆறியதும் டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சையைக் கலந்து, தட்டில் 3, 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 5 முதல் 7 நாள் விடுவார்கள். இடம் பற்றவில்லையென்று குவித்தால் நடுவில் சூடேறிப் பூஞ்சை செத்துவிடும். அந்த இடத்தைப் பாக்டீரியா பிடித்து நாறும். கடைசியில் 60 டிகிரியில் உலர்த்தி, ஈரத்தை 10 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் திறந்த மூட்டை மறுபடி ஈரம் குடித்துவிடும். நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும் முடியாது: டிரைக்கோடெர்மாவும் பச்சை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும் பச்சை. ஆய்வுக்கூடச் சோதனை தவிர வேறு வழியில்லை.

நொதித்தபின் ‘புரதம் கூடிவிட்டது’ என்று வரும் அறிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். 16 கிலோ புரதமுள்ள 100 கிலோ உலர்பொருளில் 15 கிலோ நாரைப் பூஞ்சை எரித்துவிட்டால், மீதி 85 கிலோவில் அதே 16 கிலோ, 18.8 விழுக்காடாகத் தெரியும். யூரியா சேர்த்திருந்தால் கணக்கு இன்னும் பெரிதாகக் காட்டும், ஏனென்றால் சோதனை அளப்பது நைட்ரஜனைத்தான். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: உடைந்த மன்னானின் சிறு துண்டுகளில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஒட்டிக்கொண்டு, குடல் சுவரைப் பிடிக்காமல் எச்சத்தோடு வெளியேறக்கூடும்.

இளங்குஞ்சுக்கு இது வேண்டாம். வளர்ந்தபின் 5 விழுக்காட்டில் தொடங்கி 10 வரை போகலாம். லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எச்சம் இளகி, கொட்டகைத் தரையில் பரப்பிய படுக்கை நனையத் தொடங்கினால், அடுத்த கலவையிலேயே அளவைக் குறைத்துவிடுங்கள்.