கேர்டேக்கர்: வீட்டுக்கா, ஆளுக்கா?

காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது "கேர்டேக்கர் ஒருவர் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "வீட்டுக்கா, ஆளுக்கா?" என்று கேட்பார்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த ஊர்கள் இவை, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, சாவி மட்டும் ஒருவர் கையில். காலையில் திறந்து வளவைக் கூட்டிவிட்டு, சாயங்காலம் விளக்குப் போட்டுப் போகிற அவரும் கேர்டேக்கர்தான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரியவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறவரும் கேர்டேக்கர்தான்.

இந்தச் சொல் குழப்பத்தை நாங்கள் வீட்டிலேயே பட்டோம். ஆயா (எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர்) இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது ஒரு ஏஜென்சியில் "ஹோம் நர்ஸ்" கேட்டோம், அனுப்பினார்கள். வந்த பிள்ளை நல்ல பிள்ளை, குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவ்வளவு பதமாக இருக்கும். ஆனால் முதல் நாள் காலையில் சர்க்கரை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை யூனிட் ஏற்றுவது என்று தெரியாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. விசாரித்தால், பத்தே நாள் பயிற்சியாம். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை, நர்ஸ் என்று பெயர் ஒட்டி அனுப்பியவர்கள்மேல்தான் தப்பு.

நர்ஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் வேர், ஊட்டி வளர்ப்பது என்று பொருள். நம் செவிலியும் அப்படித்தான், பெறாமல் வளர்த்த தாய். தொல்காப்பியத்தில் தோழி அந்தச் செவிலியின் மகள். இரண்டு மொழியிலும் பிள்ளை வளர்த்தவளின் பெயர்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இன்று செவிலியர் என்றால் 3 ஆண்டு டிப்ளமோவோ 4 ஆண்டு பட்டமோ முடித்து, மாநில செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர். பதிவு எண் இல்லாதவரை அப்படிக் கூப்பிடவே கூடாது.

ஆஸ்பத்திரியில் சொல்லும் ஆயா வேறு, அது போர்த்துகீசிய "aia" என்ற சொல்லிலிருந்து வந்தது, பிள்ளை பார்க்கும் பெண் என்று அர்த்தம். எங்கள் வீட்டிலோ கட்டிலில் படுத்திருப்பவரே ஆயா, அதனால் அந்தச் சொல் இங்கே ஆகாது.

கேர் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கவலை, துயரம் என்றுதான் பொருள். பக்கத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் விழித்தவர்களுக்கு இது புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பராமரிப்பாளர் என்று எழுதுகிறார்கள். அது வடமொழி வழி வந்தது என்பது எனக்குப் பெரிய குறையில்லை, ஆனால் சாலைக்கும் போர்வெல்லுக்கும் லிஃப்டுக்கும் பராமரிப்பு என்கிறோம், ஆக மறுபடியும் "வீட்டுக்கா, ஆளுக்கா" என்ற இடத்துக்கே வந்து நிற்போம். வள்ளுவர் 950ஆம் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலிருந்து மருந்து கொடுத்துக் கவனிப்பவரை மருத்துவருக்குச் சமமாக ஒரு கூறாக வைத்திருக்கிறார், எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும். ஆனாலும் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் உழைப்பு என்றுதான் காதில் விழும்.

எனக்குப் பிடித்தது பேணுநர். "தந்தை தாய்ப் பேண்" என்று ஆத்திசூடி படித்த யாருக்கும் பேண் புதிதில்லை. ஓட்டுநர், நடத்துநர் மாதிரி "நர்" சேர்த்தால் ஆண் பெண் இருவருக்கும் மரியாதையான பெயர். சுவரையும் சாலையையும் யாரும் "பேணுகிறேன்" என்று பேச்சில் சொல்வதில்லை, ஆளைத்தான் சொல்வோம்.

அப்புறம், ஒரே பேணுநர் என்று விட்டுவிடவும் முடியாது. கலிஃபோர்னியாவில் இருக்கும் அம்மான் போனில் இதைக் கேட்டவுடன், அங்கே இரண்டு பெயர் தனித்தனி என்றார். ஹோம் கேர் எய்டு என்றால் குளிப்பாட்டுவது, சமைப்பது, துணைக்கு இருப்பது. ஏஜென்சி வழியாக வேலை பார்க்க 18 வயது முடிந்திருக்க வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி பார்த்து மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், காசநோய் இல்லையென்று காட்ட வேண்டும், தொடக்கப் பயிற்சி 5 மணி நேரம்தான். ஹோம் ஹெல்த் எய்டு என்றால் கதை வேறு: மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) ஏற்கும் ஏஜென்சிகளுக்கு அமெரிக்கா முழுவதும் குறைந்தது 75 மணி நேரம், அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை, கலிஃபோர்னியா அந்த 75ஐயே 120 ஆக்கியிருக்கிறது. இங்கும் ஹோம் ஹெல்த் எய்டு என்ற பெயரில் திறன் பயிற்சிப் படிப்பு உண்டு, ஆனால் ஏஜென்சிக்காரர் போனில் சொல்வது "சிஸ்டர் வருவாங்க" என்பதோடு நின்றுவிடுகிறது.

என் யோசனை இது. முதலாமவர் இல்லப் பேணுநர், இரண்டாமவர் உடல்நலப் பேணுநர், ஊசி போட வேண்டிய இடத்தில் செவிலியர். இப்போதெல்லாம் போன் செய்தால் இந்த மூன்றில் யார் என்று சொல்லியே கேட்கிறோம், சான்றிதழைப் பார்த்த பிறகுதான் ஆயாவின் கட்டிலைக் காட்டுகிறோம்.