தட்டச்சர் வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும்?

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்களில் தட்டச்சர் ஆக டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுதான் பொதுவான வழி. தேறியவர்களைத் தரவரிசைப்படி கலந்தாய்வுக்கு அழைப்பார்கள். உங்கள் முறை வரும்போது மிச்சமிருக்கும் துறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "கல்வித் துறையிலேயே டைப்பிஸ்ட் வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வில்லங்கம் டைப்பிங் சான்றிதழில்தான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பாஸ் செய்திருக்க வேண்டும். அதில் ஒன்றாவது ஹையராக, அதாவது மேல்நிலைத் தேர்வாக இருக்க வேண்டும். இரண்டும் லோயர் (கீழ்நிலை) என்றால் இந்தப் பணிக்குச் செல்லாது. இதை முதல் நாளே சொல்லித் தர யாருக்கும் மனம் வருவதில்லை. இரண்டு லோயரை நம்பி வருடக்கணக்கில் படித்து, நல்ல மதிப்பெண்ணும் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பில் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இரண்டிலும் ஹையர் முடியுங்கள், முன்னுரிமை அவர்களுக்குத்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வின் சான்றிதழ் மட்டுமே கணக்கு. பயிற்சி நிலையம் தானே அச்சடித்துக் கொடுப்பது சுவரில் மாட்டத்தான் உதவும்.

அப்புறம் தேதி. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை வெளியாகும் நாளில் தகுதி உங்களிடம் இருக்க வேண்டும். "எழுதிவிட்டேன், ரிசல்ட் வரவில்லை" என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். டைப்பிங் தேர்வு வழக்கமாக பிப்ரவரி, ஆகஸ்ட் என வருடத்துக்கு இரண்டு முறைதான். ஒன்றை விட்டால் அரை வருடம் போச்சு.

சிஓஏ எனப்படும் அலுவலகக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் இல்லையே என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு. தேவையில்லாத பயம். வேலையில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் அதை முடிக்கலாம்.

பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே டைப்பிங் சான்றிதழிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் இன்ஸ்டிடியூட் இயக்ககத்தைக் காட்டும், இயக்ககம் இன்ஸ்டிடியூட்டைக் காட்டும். அந்த அலைச்சல் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபிறகு வேண்டாம்.

தமிழ்வழி இடஒதுக்கீடு கேட்பவர்களுக்கு இன்னொரு நடை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். தலைமையாசிரியர் எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பார். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

ரிசல்ட் வந்தபின் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சில நாட்கள்தான் தருவார்கள். தபாலில் கடிதம் வரும் என்று காத்திருக்காமல் தேர்வாணைய இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.