தாழிக்குள் இருந்த மண் எங்கே?

போன வருடம் வெயில் காலத்தில் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. வயலில் கிணறு வெட்டும்போது பொக்லைன் வாளியில் பெரிய பானை ஒன்று தட்டுப்பட்டது, உடையாமல் முழுசாக எடுத்துவிட்டோம், வந்து பாருங்கள் சார் என்றார் நிலத்துக்காரர். மறுநாளே போனேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு தாழி, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலப் பானை, கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்திக் கயிறு போலச் செய்த அலங்காரம். ஊர்ப் பையன்கள் அதை மரத்தடியில் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

"உள்ளே என்னப்பா இருந்தது?"

"ஒண்ணும் இல்ல சார், வெறும் மண்ணும் எலும்புத் துண்டும்தான். வாய்க்கால்ல கொட்டிட்டோம்."

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தங்கம் தேடி உடைக்கவில்லை, விற்கப் பார்க்கவில்லை, நம்ம ஊர்ப் பழம்பொருள் என்ற மரியாதையோடுதான் கழுவியிருக்கிறார்கள். ஆனால் அந்த 'வெறும் மண்'தான் எனக்கு வேண்டியது. தாழி என்பது ஒரு உறை, கடிதம் உள்ளே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகளைச் சோதித்துத்தான் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 1155 என்று காலம் சொன்னார்கள், 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஈமக்குழிக்குள் நான்கு கால் வைத்த ஜாடியில் சுமார் இரண்டு கிலோ நெல்லை எடுத்தார்கள், அதன் காலம் பொ.ஆ.மு. 490 என்று வந்தது. அந்த நெல்லையும் யாராவது தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் நம்மிடம் ஜாடி மட்டும்தான் இருந்திருக்கும், தேதி இருந்திருக்காது.

அன்று மரத்தடியில் பையன்கள் கேட்ட முதல் கேள்வி, ஊருக்கு ஊர் என்னிடம் கேட்பதுதான்: வயதாகிச் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு உள்ளே வைத்து, விளக்கேற்றி மூடிவிடுவார்களாமே? முதுமக்கள் தாழி என்ற பெயரே அந்தக் கதையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. தாழிகளில் குழந்தைகளின் எலும்பும் கிடைத்திருக்கிறது, அப்புறம் முதுமை எங்கே வந்தது? பல தாழிகளில் இருப்பது முழு உடலே அல்ல, உடல் வேறெங்கோ அழிந்த பிறகு சில எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்த இரண்டாம் நிலை அடக்கம். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், துணையை இழந்த பெண் குயவரைப் பார்த்து, எனக்கும் சேர்த்துத் தாழியைப் பெரிதாக வனைந்து கொடு என்று கேட்கிறாள். தாழியை அவள் கண்ணால் பார்த்தால் அந்த உயிரோடு புதைக்கும் கதை நிற்காது. இது துக்கத்தின் பாத்திரம்.

அடுத்த குழப்பம் பெருங்கற்காலம் என்ற சொல். கல்லாயுதம் வைத்திருந்த காலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பழைய கற்காலமும் புதிய கற்காலமும். பல்லாவரத்தில் 1863-இல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட் எடுத்த கைக்கோடரி பழைய கற்காலத்தது, திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் இருந்தது புதிய கற்கால ஊர். பெருங்கற்காலத்தில் 'கல்' இருப்பது கல்லறையில்தான், அதாவது கல்வட்டம், கல்திட்டை, கற்பதுக்கை, நெடுங்கல். அதைக் கட்டியவர்கள் கையில் இரும்பு இருந்தது. அதனால்தான் அதையே இரும்புக்காலம் என்றும் எழுதுகிறோம், இரண்டும் வேறு வேறு என்று குழம்ப வேண்டாம்.

தாழியோடு அன்று மிஞ்சிய ஒரே துணைப்பொருள் கறுப்பு சிவப்புக் கிண்ணத்தின் ஒரு துண்டு, உள்ளங்கை அளவு. உள்பக்கம் மை போலக் கறுப்பு, வெளியே விளிம்பை ஒட்டியும் கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு. இரண்டு நிறமும் பூச்சு அல்ல. கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலோ உமியோ அடைத்துச் சூளையில் வைப்பார்கள் என்று விளக்குவார்கள். வாயும் வயிறும் காற்றில்லாமல் புகையில் வெந்து கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்புச் சத்தால் சிவக்கும். ஒரு பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி எங்க மேட்டுல மழை பெஞ்சா நிறையக் கிடக்கும் சார் என்றான். நத்தமேடு, பாண்டியன் மேடு என்று ஊர்களில் பெயர் இருப்பது பெரும்பாலும் சும்மா இல்லை, அடியில் பழைய குடியிருப்பு இருக்கும். கீழடியிலும் பள்ளிச்சந்தைத் திடல் என்ற மேட்டில் தென்னந்தோப்புக்குள்தான் வேலை தொடங்கியது.

சரி, எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது, அதை வைத்து வயது சொல்லுங்கள் என்றார் நிலத்துக்காரர். அங்கேதான் அவரைக் கிணற்றுக்குள் இறக்கிக் காட்டினேன். வெட்டிய சுவரில் மேலே உழவு மண், அதன் கீழே சாம்பல் கலந்த பழுப்பு, அடியில் கை படாத மஞ்சள் மண். மேல் அடுக்கு பிந்தியது, கீழ் அடுக்கு முந்தியது, அது சரிதான். ஆனால் தாழியை வைக்கக் குழி வெட்டினார்களே, அந்தக் குழி பழுப்பு அடுக்கிலிருந்து இறங்கி மஞ்சள் மண்ணைத் துளைத்திருக்கும். ஆக, ஆறடியில் இருந்த தாழி ஆறடி மண்ணின் வயதல்ல, குழி எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறதோ அந்த வயது. கீழடியில் பொ.ஆ.மு. 580 என்ற தேதி சொல்லும்போது, மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது என்று சென்டிமீட்டர் சுத்தமாக எழுதி, அடுக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் சிவகளையை முன்வைத்துத் தமிழ்நாட்டு இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது என்று அறிவித்தபோதும், அந்த இரும்பும் காலம் அறியச் சோதித்த கரித்துண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனவைதானா என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தோண்டியபோது எழுதிய குறிப்பில் மட்டும்தான் இருக்கும்.

தாமிரபரணிக் கரையில் தாழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூரை நினைத்தால் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தது பெர்லின் போனது, பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ எடுத்தது சென்னை வந்தது. இப்போது அங்கேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள், மண்ணோடு இருக்கும் தாழிக்கும் மரத்தடியில் மாலை போட்டு நிற்கும் தாழிக்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

உங்கள் நிலத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் வண்டியை நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ செருப்போ வைத்துப் படம் எடுங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கரியோ தானியமோ கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், நம் கை அழுக்கு சோதனையைக் கெடுக்கும்.

கிணற்றிலிருந்து ஏறும்போதுதான் கவனித்தேன், வடக்குச் சுவரில் அரைவட்டமாக இன்னொரு விளிம்பு. இரண்டாவது தாழி, மூடியோடு. பையன்கள் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் அவர்களே போய் முள் வெட்டி வந்து சுற்றி அடைத்தார்கள், நிலத்துக்காரர் கிணற்றை அப்பால் தள்ளி வெட்டிக்கொண்டார். அந்தத் தாழிக்குள் இருக்கும் மண்ணை இன்னும் யாரும் தொடவில்லை.