ஈரக் காற்றும் போர்க்காலப் பித்தளையும்

சிங்கப்பூரில் பழைய ராணுவப் பொருள்களைச் சேகரிக்க ஆசைப்படுபவர் முதலில் சட்டத்துக்கும் அடுத்து வானிலைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் கதை சுருக்கமானது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைத் தண்டனையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. ‘இது பழங்காலப் பொருள்தானே’ என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. பயோனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தியோ காலித் தோட்டா உறையோ கைக்கு வருவதற்கு முன்பே காவல்துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பணிக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுட்டு முடித்ததும் குனிந்து உறைகளைப் பொறுக்கி, எண்ணிக்கை சரியாகும்வரை வெயிலில் நின்ற அனுபவம் எல்லாருக்கும் உண்டு.

ஆகவே பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு, ஜப்பானியப் படையின் அரிசாகா ரைபிள்களை அரும்பொருளகக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு அலமாரிக்கு ஏற்றவை தொப்பிச் சின்னங்கள், பொத்தான்கள், இடைவார்க் கொக்கிகள், தோள்பட்டையில் குத்தும் பித்தளை எழுத்துகள். 2017 ஜூலையில் மூடப்படும்வரை சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் தார்ப்பாயில் பரப்பி விற்கப்பட்ட இத்தகைய சாமான்கள் இப்போது இணையத்திலும் சில பழம்பொருள் கடைகளிலும் கைமாறுகின்றன. வாங்குவது எளிது. பத்து ஆண்டு கழித்தும் அதை வாங்கிய நிலையிலேயே வைத்திருப்பதுதான் கடினம். ஏன் என்று பார்க்க, இரும்பிலிருந்து தொடங்கலாம்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த நீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டியதுமே உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடுகிறது. அந்தப் படலத்துக்குள் ஒரு சிறு மின்கலமே வேலை செய்கிறது: ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது, பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது, இரண்டின் விளைபொருள்களும் சேர்ந்து துருவாகின்றன. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது, சன்னல் திறந்திருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் பூசாத எஃகுக்கு விடுமுறை நாளே கிடையாது.

இதில் உப்பு சேர்ந்தால் கதையே வேறு. தீவு என்பதால் காற்றில் கடலுப்பு உண்டு. அதைவிடப் பக்கத்தில், நம் விரல் நுனியிலேயே உண்டு. வியர்வையில் உள்ள குளோரைடு, துரு தொடங்கிய சிறு குழிக்குள் போய்ச் சேர்கிறது. குழிக்குள் கரைந்த இரும்பு நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அமிலம் இன்னும் கொஞ்சம் இரும்பைக் கரைக்க, அந்தக் கரைசல் வெளியிலிருந்து மேலும் குளோரைடை உள்ளே இழுத்துக்கொள்கிறது. குளோரைடு இதில் செலவாவதே இல்லை. வேலை முடிந்ததும் விடுபட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். பழைய கத்திகளின் பளபளப்பான அலகில் சில சமயம் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவில் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த இரும்பில் நிலைமை இன்னும் மோசம்: மேலே சுரண்டிச் சுத்தம் செய்து எண்ணெய் பூசி வைத்தாலும், சில வாரங்களில் மஞ்சள் பழுப்புத் துளிகள் வியர்வைபோலக் கசியும். உள்ளே சிக்கிய குளோரைடை வெளியேற்றாமல் மேற்பூச்சு எதுவும் பயன் தராது. அரும்பொருளகங்களில் அத்தகைய பொருளைச் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள்.

பிரிட்டனின் 1907 மாதிரி பயோனெட்டை எடுத்துக்கொள்வோம். 17 அங்குல அலகு. அதன் வடிவத்துக்கு ஜப்பானியரின் முப்பதாம் வகைக் கத்திதான் முன்மாதிரி. 1942-இல் இந்த இரண்டு கத்திகளும் இதே தீவில் எதிரெதிரே நின்றன என்பது வரலாற்றின் குறும்பு. கைப்பிடியை ஒட்டிய தட்டையான பகுதியை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு கிரீடம், 1907 என்ற எண், தயாரித்த மாதமும் ஆண்டும், ஆலையின் பெயர் எல்லாம் வரிசையாகத் தெரியும். வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்தது என்றால் ‘ஆர்எஃப்ஐ’ என்ற எழுத்துகள் இருக்கும். மறுபுறத்தில் பெருக்கல் குறிபோல ஒரு வெட்டு: அலகை வளைத்துப் பார்த்து, முறியாமல் நிமிர்ந்தது என்பதற்கான சான்று. இந்தக் குறிகள் ஆழமானவையல்ல. உப்புத்தாள் எடுத்து அரை மணி நேரம் ‘சுத்தம்’ செய்தால் கத்தி மின்னும். பிறப்புச் சான்றிதழ் போய்விடும். அதன் தோல் உறையும் நட்பானதல்ல. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் அமிலத்தன்மை உடையது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். அலகையும் உறையையும் தனித்தனியே வைப்பதே முறை.

போர்க்கால ரைபிள் குழல்களில் காணும் கரிய நிறமும் ஒரு வகைத் துருதான். எஃகின் மேல் வேண்டுமென்றே மெல்லிய செந்துருவை வரவழைத்து, அதைக் கொதிநீரில் இட்டால், செந்துரு மேக்னட்டைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. இந்தச் சுற்றைப் பலமுறை செய்தால் உலோகத்தோடு ஒட்டிய கரும்படலம் கிடைக்கும். செந்துரு உதிரும், இது உதிராது. ஆனால் மிக மெல்லியது, நுண்துளைகள் உடையது. அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் நின்றால்தான் பாதுகாப்பு.

குளிர்சாதன அறையில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். பாதி சரி. வெளியே 30 டிகிரி செல்சியஸ், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 டிகிரி. இரவெல்லாம் 23 டிகிரியில் குளிர்ந்த உலோகத்தைக் காலையில் கூடத்துக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் உடனே நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். பெருவிரைவு ரயிலிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவது இதே காரணத்தால்தான். கண்ணாடியைத் துடைத்துவிடுகிறோம், சின்னத்தின் பின்புறக் கொக்கியின் இடுக்கை யாரும் துடைப்பதில்லை. இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை, உலோகத்தைத் தினமும் ஒருமுறை நனைக்கும் இயந்திரமாகிவிடுகிறது. புகைப்படக்காரர்கள் லென்சுகளில் பூஞ்சை வராமலிருக்க வாங்கும் மின்சார உலர்பெட்டி இதற்கு மிகப் பொருத்தம். 40 முதல் 45 விழுக்காட்டில் நிறுத்திவைக்கலாம். செலவு வேண்டாம் என்றால் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தினால் மறுபடி உழைக்கும். உலர்த்த மறந்தால் அது வெறும் கூழாங்கல்.

இனி பித்தளை. இங்குதான் ராணுவ வரலாற்றின் சுவையான வேதியியல் புதிர் ஒன்று இருக்கிறது, அதுவும் இந்தியாவில் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தார்கள். மழை ஓய்ந்து வெளியே எடுத்தால் பல உறைகளின் கழுத்தில் நீளவாக்கில் விரிசல். யாரும் சுடவில்லை, யாரும் மிதிக்கவில்லை. பருவத்தோடு வந்ததால் இதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயராயிற்று. விடை தெளிவாகக் கிடைத்தது 1921-இல்தான். குற்றவாளி குதிரையின் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியா.

அம்மோனியா மட்டும் தனியே இதைச் செய்துவிட முடியாது. தோட்டா உறை, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டை அழுத்தி இழுத்து, படிப்படியாகக் குழாயாக்கிச் செய்யப்படுகிறது. இப்படிக் குளிர்நிலையில் நெருக்கி வளைத்த உலோகத்துக்குள் இழுவிசை அடைபட்டுக் கிடக்கும். பித்தளை என்பது நுண்ணிய படிகத் துகள்களின் கூட்டம். ஈரப்படலத்தில் கரைந்த அம்மோனியா, செம்பு அயனிகளைப் பற்றி நீலநிறச் சேர்மமாக்கி இழுத்துச் செல்கிறது; அரிப்பு துகள்களுக்கு இடையேயான எல்லைக்கோடுகளில் புகுகிறது. உள்ளே அடைபட்ட இழுவிசை அந்தப் பிளவைத் திறந்து கொடுக்கிறது. திறந்த பிளவின் நுனியில் புதிய உலோகம், அங்கே மறுபடி அம்மோனியா. விசை, ஈரம், அம்மோனியா, ஆக்சிஜன் நான்கும் கூட வேண்டும். ஒன்று விலகினாலும் விரிசல் நின்றுவிடும்.

தீர்வு அதனால் லாயத்தைக் கழுவுவதில் இல்லை, உறையைச் சூடாக்குவதில் இருந்தது. ஏறக்குறைய 250, 300 டிகிரியில் சற்று நேரம் வைத்தால் உள்விசை தளர்ந்துவிடும். இன்றும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே வானவில் சாயலில் ஒரு வளையம் தெரிவது இப்படிச் சூடுகாட்டிப் பதப்படுத்தியதன் தடம்.

இந்தக் கதைக்கும் நம் அலமாரிக்கும் தொடர்பு இருக்கிறது. துத்தநாகம் 15 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பித்தளைக்கு இந்த நோய் பெரும்பாலும் வராது. பிரிட்டிஷ் தொப்பிச் சின்னங்களில் நிறைய, செம்பு மிகுந்த ‘கில்டிங் மெட்டல்’ என்ற கலவையில் அச்சடிக்கப்பட்டவை, அவை தப்பித்துக்கொள்கின்றன. துத்தநாகம் மிகுந்த மலிவுப் பித்தளையில் செய்த பொத்தான்கள், வளைத்த கொக்கிகள் ஆகியவற்றுக்குத்தான் ஆபத்து. குதிரை லாயம் இப்போது வீட்டில் இல்லை. ஆனால் கடையில் விற்கும் பித்தளை துலக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. துடைத்த பிறகும் இடுக்குகளில் தங்குகிறது.

நம் வீடுகளில் வேறொரு வழக்கம் உண்டு. குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கருத்த ஆக்சைடைக் கரைத்துவிடுவதால் விளக்கு பொன்னாக மின்னும். விளக்குக்கு அது சரி. வாரந்தோறும் தேய்க்கவே அது பிறந்தது. சின்னத்துக்கு வேண்டாம். அமிலம் ஆக்சைடோடு நிற்பதில்லை, மேற்பரப்பின் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு போய், இளஞ்சிவப்பான செம்பை மட்டும் விட்டுவைக்கும். உப்பின் குளோரைடோ பின்னாளில் பச்சைப் புள்ளிகளாக எழும். தொண்ணூறு ஆண்டாக மெல்லப் படிந்த பழுப்புப் படலம் அழுக்கன்று. அதற்குக் கீழே உள்ள உலோகத்துக்கு அதுவே காப்பு. வெந்நீர், மிதமான சோப்பு, மெல்லிய தூரிகை, நன்றாக உலர்த்தல், மேலே நுண்படிக மெழுகு. பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் 1950-களில் உருவான ‘ரினைசான்ஸ்’ மெழுகைத்தான் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். தோல் வாரில் பதித்த பித்தளை ஆணிகளைச் சுற்றி வரும் பச்சைப் பிசின், தோலின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய ஒரு வகைச் சோப்பு. அதை மரக்குச்சியால் எடுத்துவிடலாம், எஃகு ஊசி வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த பிரிட்டன் பிளாஸ்டிக் சின்னங்களும் செய்தது. பழுப்பு, சாம்பல் நிறங்களில், பின்புறம் மடிக்கும் தகடுகளோடு இருக்கும். பார்க்க அற்பமாகத் தெரிந்தாலும் இப்போது நல்ல விலை. இவை செல்லுலோஸ் அசிட்டேட். ஈரம் பட்டால் அசிட்டிக் அமிலம் பிரிகிறது. பிரிந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால் வட்டி குட்டி போடுவதுபோல வேகம் கூடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால், அந்தச் சின்னத்தை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அதே ஆவி பக்கத்திலிருக்கும் ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் அரிக்கும். ஓக் மர இழுப்பறைகளும் இதே அமிலத்தை மெதுவாக வெளிவிடுகின்றன என்பதால், பிரிட்டிஷ் காலத்து அலமாரியில் பிரிட்டிஷ் காலத்துச் சின்னங்களை வைக்கும் அழகுக் கனவையும் கைவிட வேண்டியிருக்கும்.

கடைசியில் போலிகள். அசல் சின்னம் இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே தகட்டை வைத்து அடித்துச் செய்யப்பட்டது. முன்புறம் மேடாக இருக்கும் இடமெல்லாம் பின்புறம் பள்ளமாக இருக்கும்; விளிம்புகள் கூர்மையாக நிற்கும். போலி செய்பவருக்கு எஃகு அச்சு வெட்டுவது கட்டுப்படியாகாது. அசல் ஒன்றை வைத்து அச்சுவார்ப்பு எடுத்து உருக்கி ஊற்றுகிறார். உருகிய செம்புக் கலவை இறுகும்போது ஒன்றரை, இரண்டு விழுக்காடு சுருங்குகிறது. 45 மில்லிமீட்டர் உயரமுள்ள சின்னம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணளவு காட்டும் வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுக்கும். இதற்காகவே சந்தேகமற்ற சின்னங்களின் அளவுகளைக் குறித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். உருப்பெருக்கியில் ஊசிமுனைக் குழிகளும் சிறு பருக்களும் தெரிந்தால் வார்ப்பு என்பது உறுதி. துணிச் சின்னம் என்றால் புறஊதா விளக்கை அடித்துப் பார்க்கலாம். துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் போருக்குப் பின்தான் பரவலாயின. 1942-ஆம் ஆண்டின் நூல் என்று விற்கப்படுவது நீலமாக ஒளிர்ந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் ஒளிராததாலேயே அது அசல் ஆகிவிடாது. அசல் துணியையும் யாராவது நவீனச் சலவைத்தூளில் துவைத்திருந்தால் ஒளிரும்.

காசு செலவில்லாத சோதனையும் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் சின்னத்தில் பீரங்கிக்கு மேலே கிரீடம் இருக்கும். 1901-க்குப் பிந்திய மன்னர்கள் காலத்தில் அதன் வளைவுகள் உருண்டையாக எழும்பியிருக்கும். 1952-இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய பின் வந்தவற்றில் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். அப்படித் தாழ்ந்த கிரீடத்தோடு ஒரு சின்னம் ‘இரண்டாம் உலகப் போரின் சாங்கி போர்க்கைதி முகாமிலிருந்து வந்தது’ என்ற கதையுடன் வந்தால், கதையைக் கேட்டு ரசித்துவிட்டுக் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையும் இனி முன்போல எளிதாக இராது. 2022-இல் மன்னர் மூன்றாம் சார்லஸ் தமக்கு உருண்டை வளைவுக் கிரீடத்தையே தேர்ந்தெடுத்திருப்பதால், புத்தம் புதிய சின்னங்களும் 1942-இன் முகத்தோடு சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றைக் கொஞ்சம் அம்மோனியாவில் கருக்கிப் பழசாக்குவது ஒருவருக்கும் பெரிய வேலையல்ல.