காதில் கிளிப் மாட்டினால் முடக்குவாதம் அடங்காது

தண்டையார்பேட்டையில் மூட்டு நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். போன வாரம், காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். கட்டுக்குள் இருந்த முடக்குவாதம், அதாவது மூட்டுகளை வீங்க வைத்து அரிக்கும் அழற்சி நோய், திரும்பிவிட்டது; விரல் கணுக்கள் புடைத்து, அரிவாள்மணையில் ஒரு வஞ்சிரத்தைப் பிடித்து நறுக்க முடியவில்லை. அந்த நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பையிலிருந்து ஒரு காதுக் கிளிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். வேகஸ் நரம்பைத் தூண்டுமாம், மகன் ஆன்லைனில் வாங்கித் தந்தாராம். திருவொற்றியூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் இதே கதையோடு ஏற்கெனவே வந்துவிட்டார்கள்.

கிளிப்பும் மூச்சுப் பயிற்சியும் வேகஸைத் தூண்டி முடக்குவாதத்தை அடக்கிவிடும், மாத்திரை வேண்டாம் என்று வீடியோக்காரர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு அழற்சிக்கு ஒரு கடிவாளம்தான். அதைத் தூண்டினால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் குறைகிறது என்று 2000-இலேயே அமெரிக்க ஆய்வாளர் கெவின் ட்ரேசியின் குழு எலிகளில் காட்டிவிட்டது.

ஆனால் 2025-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்த கருவி, கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து நரம்பின்மேலேயே பொருத்தப்படுவது. அதுவும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை போதாதபோது தரும் உயிரியல் மருந்துகளுக்கு (பயாலஜிக்ஸ்) நோய் அடங்காதவர்களுக்கும் அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மட்டும். அந்தக் கருவியை நோயாளிகளிடம் சோதித்தபோது மூன்று மாதத்தில் குறைந்தது 20 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் ஏறக்குறைய 35 சதவீதம் பேர். பொருத்திவிட்டு மின்தூண்டல் தராமல் விட்டவர்களில் 24 சதவீதம். அறுவை சிகிச்சை செய்தே இவ்வளவுதான்! காதுமடலிலும் வேகஸின் சிறு கிளை இருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே வைக்கும் கருவியைப் போலிக் கருவியோடு ஒப்பிட்டு முடக்குவாத நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடையில் விற்கும் கிளிப் அந்த ஆய்வுக் கருவியின் தரத்தையாவது எட்டுமா என்பது சந்தேகம்தான்.

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நானும் செய்கிறேன். தூக்கம் வரும், மனம் அடங்கும். மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. வலி குறைந்துவிட்டால் உள்ளே மூட்டு அரிக்கப்படுவதும் நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். அரித்துப்போன எலும்பு திரும்ப வளர்ந்து பழைய நிலைக்கு வராது.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தினமும் விழுங்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. பல மாதங்களாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. மருந்துக்கடைக்காரர் சொன்னாலும் சரி, மகன் சொன்னாலும் சரி. மாத்திரை வாங்கக் காசு இல்லை என்றால் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள் அம்மா, அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன்.