குறைமாதப் பிள்ளையின் குடலில் ஓட்டை: பால்தான் காரணமா?

"பால் குடுத்ததாலயோ?" திருகோணமலையில் ஒரு வார்டு வாசலில், மூதூரிலிருந்து வந்திருந்த அம்மம்மா ஒருவர் தன் மகளிடம் கேட்டது இது. மகள் வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறந்து ஐந்து நாள், நிறை 900 கிராம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைவிடப் பாரம் குறைவு. குடலில் ஓட்டை என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, பிள்ளைக்கு எத்தனை நாள் என்பதிலேயே இருக்கிறது.

முதல் பத்து நாளுக்குள், அதுவும் 1000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் தானாக விழும் துளை. சைக்கிள் ரியூப்பில் எல்லா இடமும் நல்லாயிருக்க, ஓரிடத்தில் மட்டும் ரப்பர் மெலிந்திருக்குமே, அந்த மாதிரி. சிறுகுடல் பெருங்குடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால், இரத்தம் வந்து சேரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தசை மெலிந்த ஓர் இடம் விட்டுப்போகிறது. திடீரென வயிறு வீங்கி நீலம் பாரிக்கும். திறந்து பார்த்தால் சுற்றியுள்ள குடல் நல்ல நிறத்தில்தான் இருக்கும். ஒரு சொட்டுப் பால் குடிக்காத பிள்ளைக்கும் இது வரும். இதயத்தருகே மூடாமல் நிற்கும் இரத்தக்குழாய்க்காகக் கொடுக்கும் இந்தோமெதசினும், நுரையீரலுக்காகக் கொடுக்கும் ஸ்டீரொய்டும் முதல் நாட்களில் சேர்ந்து போனால் ஆபத்து கூடும். வைத்தியர்கள் அந்தச் சேர்க்கையைத் தவிர்க்கப் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வருவது வேறு. இங்கே ரியூப்பே உக்கிப்போகிறது. குறைமாதக் குடல் மெதுவாகத்தான் அசையும், உள்ளே சளிப்படலமும் மெல்லியது. தேங்கிய பாலில் பற்றீரியா பெருகி வாயு உண்டாக்கும். அதற்குக் குடல் காட்டும் எதிர்ப்பு அளவு மீறிப்போய், சுவர் வீங்கி, இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் கிடைக்காத பகுதி செத்துவிடும். குடல் சுவருக்குள்ளேயே வாயு புகுந்து குமிழ் குமிழாக நிற்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்பே தாதியின் சிரிஞ்சில் தெரிந்துவிடுவதும் உண்டு: இரைப்பையில் மிஞ்சிய பாலை இழுக்கும்போது பச்சை நிறத்தில் வரும். அப்புறம் மலத்தில் இரத்தம், பளபளவென்று இறுகிய வயிறு. பாலை உடனே நிறுத்திவிடுவார்கள்.

அப்போ பாலுக்குப் பங்கு உண்டுதானே? சரி, உண்டு. ஆனால் எந்தப் பால்? பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் மாப்பாலில் இந்த நோய் அதிகம் வருகிறது. தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குறைவு. நம் வீடுகளில் பழி விழுவதோ தாய்ப்பாலின் மேல்.

இறுகிய முதல் மலம் அடைப்பது, பெருங்குடலில் பிறவியிலேயே நரம்பு இல்லாதது போன்ற காரணங்களும் உண்டு, அவை அரிது.

ஓட்டை விழுந்தால் மிகச் சிறிய பிள்ளைக்குச் சில வேளை கட்டிலிலேயே மெல்லிய குழாய் ஒன்றை வயிற்றுக்குள் வைப்பார்கள். மற்றபடி சத்திரசிகிச்சைதான்.

அந்த அம்மம்மாவுக்கு டொக்டர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உங்கட மகள்ட பால்ல பிழை இல்ல. பிழிஞ்சு எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. குடல் ஆறினாப் பிறகு அதுதான் முதல்ல வேணும்."