தாய் மரத்தைப் போல் இராத கன்றுகள்

நல்ல ஆப்பிளின் விதையை நட்டு வளர்த்தால் ஏன் அதே பழம் கிடைப்பதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆப்பிள் மரம் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு விதையும் வேறொரு வகையுடன் நிகழ்ந்த கலப்பின் பிள்ளை. வகை மாறாமலிருக்க ஒட்டுக் கட்டுகிறோம். ஆனால் தோட்டக்காரருக்குத் தொல்லையான இதே குணம்தான், பழமரங்களுக்கு மரபணு வரைபடம் வரைய வழி திறந்தது.

மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் எந்த மரபணு எங்கே, எவ்வளவு இடைவெளியில் உள்ளது என்று காட்டுவதே மரபணு வரைபடம். முதல் வரைபடத்தை மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் 1913இல் பழ ஈக்களைக் கொண்டு வரைந்தார். பாலணுக்கள் உருவாகையில் இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அருகருகே அமைந்த மரபணுக்கள் அப்போது பிரிவது அரிது, தள்ளியிருப்பவை அடிக்கடி பிரியும். நூற்றில் ஒரு பிள்ளையில் பிரிந்திருந்தால் இடைவெளி ஏறத்தாழ ஒரு சென்டிமார்கன்; இந்த வரைபடத்தின் அளவலகு அதுதான்.

ஓராண்டுப் பயிர்களில் தலைமுறைதோறும் பண்பு மாறாத தூய வழிகளை உருவாக்கி, அவற்றைக் கலந்து, பிரிந்த பிள்ளைகள் எத்தனை என்று அடுத்த தலைமுறையில் எண்ணிப் பார்ப்பார்கள். பூப்பதற்கே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரத்தில் அது நடவாது. நடக்கவும் வேண்டியதில்லை என்பதுதான் என்னை எப்போதும் மகிழ்விக்கும் செய்தி. தலைமுறை தலைமுறையாக அயல் மகரந்தத்தையே ஏற்றதால், மரத்தின் குரோமோசோம் இணைகளில் எண்ணற்ற இடங்களில் டி.என்.ஏ.வின் இரண்டு வேறு வடிவங்கள் உள்ளன. தாயிடம் இரு வடிவங்களும் தந்தையிடம் ஒரே வடிவமும் உள்ள இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். தந்தை எல்லாக் கன்றுகளுக்கும் ஒன்றையே தருவதால், கன்றுகளுக்கிடையே தென்படும் வேறுபாடு முழுவதும் தாயின் சூல்முட்டை எதைச் சுமந்து வந்தது என்பதையே காட்டும். தந்தையின் பங்கு, படத்துக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் திரை போல ஒதுங்கி நிற்கும். இதைத் தலைகீழாகச் செய்தால் தந்தையின் வரைபடம் கிடைக்கும். இருவரிடமும் இரு வடிவங்கள் உள்ள இடங்கள் இரண்டு வரைபடங்களையும் இணைக்கும் பாலமாகின்றன. ஒரே கலப்பு, ஒரே தலைமுறை, இரண்டு வரைபடங்கள். கிராட்டபாக்லியா, செடெராஃப் என்ற ஆய்வாளர்கள் யூகலிப்டஸ் மரங்களில் 1994இல் செய்து காட்டிய இம்முறை பழமரங்களுக்கும் பரவியது.

ஆப்பிளின் 17 இணைக் குரோமோசோம்களுக்கும் இன்று வரைபடம் உண்டு. அதன் மரபணுத்தொகை, அதாவது முழு டி.என்.ஏ. வரிசை, 2010இல் வெளியானது. இலைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் படிப்பது இப்போது விரைவான வேலை. கன்று காய்த்து, பழத்தைச் சுவைத்து, பல பருவங்கள் பதிவு செய்வதுதான் நீண்ட வேலை. அது இல்லையேல் வரைபடத்தில் எந்த இடம் எந்தப் பண்புக்குரியது என்பதே தெரியாது. மூன்றாண்டு நிதி கொடுத்து முடிவைக் கேட்பவர்கள், மரம் முதல் பூ விடுமுன்பே கணக்கை முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

பயன் எங்கே என்று கேட்பவர்களுக்கு, ஆப்பிளைத் தாக்கும் பூஞ்சை நோயான சொறிநோய்க்கு எதிர்ப்பைச் சுட்டலாம். மாலஸ் ஃப்ளோரிபண்டா என்னும் காட்டினத்திலிருந்து வந்த, இந்நோயை எதிர்க்கும் ஆர்விஐ6 மரபணு, முதல் குரோமோசோமில் உள்ளது. அதை மட்டுமே நம்பிய வகைகளை நோய்ப் பூஞ்சையின் சில இனங்கள் வென்றுவிட்டதால், இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே மரத்தில் சேர்க்க முயல்கிறார்கள். ஒன்று இருந்தாலும் மூன்று இருந்தாலும் இலை ஒரே மாதிரி நலமாகவே தெரியும். எந்தக் கன்றில் எத்தனை சேர்ந்துள்ளன என்பதை, அந்த மரபணுக்களுக்கு அருகில் வரைபடத்தில் குறித்து வைத்த டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு நாற்றுப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறார்கள்.